இரண்டு வரிகளுக்குள்

கருத்துக்கென்று படிவத்தில் இருந்தது இரண்டு வரி.
தட்டச்சு செய்தது நான்தான்.
தாளை மிச்சம் பிடிக்கச் சொல்லியிருந்தார்கள்.

அலஸ்தோட்டத்துப் பள்ளிக்கூட மண்டபத்தில்
நாலு மேசையைச் சேர்த்துப் போட்டு
நிலாவெளி வீதியை விரித்தோம்.
கடற்காற்று ஒரு முனையைக் கிளப்பியது.
மீன் விற்கும் செபஸ்ரியாம்பிள்ளை
பையிலிருந்து அரைக்கிலோப் படிக்கல்லை எடுத்து
உப்புவெளிச் சந்தியின்மேல் வைத்தார்.
அதற்குப் பிறகு அந்தச் சந்தியை
ஒருவரும் பார்க்கவில்லை.

சிவப்பு, அகலிக்கப்போகும் வீதி.
நீலம், வடிகான்.
பச்சை என்னவென்று
இன்ஜினியருக்கும் நினைவில்லை.

"எங்கட ஒழுங்கை எங்க?" என்றாள் பாஹிரா.
தேடினோம்.
அவ்விடத்தில் ஒரு தென்னந்தோட்டம் நின்றது
புள்ளி புள்ளியாக.
"கடல் வந்த வருசமே அதெல்லாம் போயிற்று.
இப்ப பதினேழு வீடு, ஒரு கோழிக்கடை."
என் பேனையை வாங்கி
தன் படலையிலிருந்து கீறத் தொடங்கினாள்.
கோடு நேராக வரவில்லை.
ஒழுங்கையும் அப்படித்தான் போகும்.

பெயர் கேட்டேன். மூன்று வந்தது.
கிணற்றடி ஒழுங்கை.
கோழிக்கடை ஒழுங்கை.
சோமாவதி சிங்களத்தில் சொன்னது,
தன் புருசன் பஸ் நிறுத்துகிற ஒழுங்கை.
மூன்றையும் எழுதினேன். வரி முடிந்தது.
ஓரத்தில் எழுதத் தொடங்கினேன்.

மரியநாயகி நீலக் கோட்டின்மேல்
விரலை ஓட்டிக்கொண்டு போய்
கடலில் நிறுத்தினாள்.
"இதில முடியுதெண்டு கீறியிருக்கிறீங்கள்.
தண்ணிக்கு ஆர் சொன்னது?
கார்த்திகையில வந்து பாருங்கோ."
சேலையில், முழங்காலுக்குச் சற்று மேலே
கையை வைத்துக் காட்டினாள்.
அந்தக் கையை எப்படி எழுதுவது?
இரண்டு அடி என்று எழுதினேன்.
எட்டிப் பார்த்துவிட்டு
"இரண்டே கால்" என்றாள்.

"லைற் போடுறதெண்டா
மாடு படுக்கிற இடமாப் பார்த்துப் போடுங்கோ.
தார்ச் சூடு ஆறும்வரைக்கும் அதுகள் எழும்பாது."
ஓட்டோ ஓடும் நிரோஜன்
நாடியில் இருந்த தையலைத் தடவிக்கொண்டு சொன்னான்.

குலநாயகத்துக்குப் பேச்சு வராது என்றுதான்
எல்லோரும் நினைத்திருந்தோம்.
"பதினாலு மீற்றரோ?" என்று மட்டும் கேட்டார்.
மண்டபத்தின் ஒரு சுவரிலிருந்து
மற்றச் சுவருக்கு
நடக்கத் தொடங்கினார்.
கதிரைகள் இழுபட்டு வழிவிட்டன.
பொய்க்கால் சிமெந்தில் தட்டத் தட்ட
யாரோ எண்ணினார்கள், பிறகு முழு மண்டபமும்.
இருபத்தெட்டு.
"இதுக்குள்ள புல்மோட்டை மணல் லொறி
எங்க வந்திருக்கும்?"
சுவரைப் பிடித்தபடி, திரும்பாமலே கேட்டார்.
"அகலிச்சா உங்களுக்கு வேகம்.
எனக்குத் தூரம்."

என் மொழிபெயர்ப்புக்கு
இன்ஜினியர் காத்திருக்கவில்லை.
சிவப்புக் கோட்டின் நடுவில்
பென்சிலால் ஒரு தீவு கீறினார், சின்னதாக.
அழித்தார்.
இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கீறினார்.

கதிரைகளை அடுக்கும் நேரம்
படிக்கல்லுக்கு வந்தார் செபஸ்ரியாம்பிள்ளை.
"நீங்கள் ஒண்டும் சொல்லேல்லையே அண்ணை?"
"நான்தானே முதல் சொன்னனான்" என்றார்.
"இருபது வருசமா இதிலதான் நிண்டு விக்கிறன்."
கல்லைப் பையில் போட்டுக்கொண்டு
சைக்கிளை உருட்டிப் போனார்.

சந்தியில் வட்டமாக ஓர் ஈரம்.
அதன் நடுவே ஒரு செதில்.

வரைபடம் கொழும்புக்குப் போய்
இரண்டு மாதம் கழித்துத் திரும்பிவந்தது.
பாஹிராவின் கோட்டை ஒருவரும் தொடவில்லை.
பென்சில் தீவுக்குக் கேள்விக்குறி.
ஈரம் காய்ந்த வளையத்துக்குப் பக்கத்தில்
சிவப்பு மையால் கேட்டிருந்தார்கள்:
இவ்விடத்தில் சுற்றுவட்டம் முன்மொழியப்படுகிறதா?

பதிலுக்கு விட்டிருந்தது
ஒரு வரி.